மலத்தில் ரத்தம் வந்தால் எல்லாம் மூலம் அல்ல

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் அறுவை சிகிச்சை மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேசப்போவது வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். பிள்ளைகள் முன்னால் பேச முடியாது. சாப்பிடும் நேரத்தில் பேச முடியாது. கணவன் மனைவிக்குள்கூடப் பலர் இதைச் சொல்லிக்கொள்வதில்லை. சொல்லாமல் இருப்பதால் நோய் போய்விடுமா என்றால், போகாது. வளரும். ஆகவே இன்று ஓர் அரை மணி நேரம் வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுவோம். விஷயம், மலக்குடலில் வரும் புற்றுநோய்க் கட்டி.

கழிவறையில் ரத்தம் கண்டால் நம்மவர்கள் முதலில் சொல்லும் சொல் 'மூலம்'. அதற்குக் காரணமும் உடனே கிடைத்துவிடும். உடம்பு சூடு, நேற்று உறைப்பு அதிகம், லாரி ஓட்டி ஓட்டிச் சூடு பிடித்துவிட்டது, உட்கார்ந்தே வேலை. பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு களிம்பு சொல்வார், அத்தை ஒரு கீரை சொல்வார். மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்குவோம். ரத்தம் சில நாள் நிற்கும். நின்றுவிட்டதே என்று நாமும் மறந்துவிடுவோம். இரண்டு மாதம் கழித்து மறுபடி வரும். மறுபடி அதே களிம்பு. இப்படியே ஓர் ஆண்டு ஓடிவிடும்.

மூலம் என்பது சாதாரண நோய்தான், பெரும்பாலான ரத்தப்போக்குக்கு அதுதான் காரணம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூலம் என்று தீர்மானிக்க வேண்டியது நாமோ பக்கத்து வீட்டு அண்ணனோ அல்ல. பார்த்துச் சோதித்த மருத்துவர்தான் அதைச் சொல்ல வேண்டும். இன்று நான் சொல்ல வந்ததும் இந்த ஒன்றைத்தான்.

மலக்குடல் எங்கே இருக்கிறது?

நாம் உண்ணும் உணவு இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று பயணம் செய்து, கடைசியில் ஆசனவாய்க்கு மேலே ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பகுதியில் வந்து தங்குகிறது. அந்தக் கடைசிப் பகுதிதான் மலக்குடல். முன்புறம் சிறுநீர்ப்பை, ஆண்களுக்கு விந்துச் சுரப்பி, பெண்களுக்குக் கருப்பை. பின்புறம் முதுகெலும்பின் கடைசி எலும்பு. கீழே மலத்தை அடக்கி வைக்கும் தசை வளையம். இவ்வளவும் ஒரு குறுகிய எலும்புக் கூட்டுக்குள் நெருக்கமாக இருக்கின்றன. பெருங்குடலின் மற்ற பகுதியில் வரும் கட்டியைவிட மலக்குடல் கட்டிக்குச் சிகிச்சை சற்றுச் சிக்கலாக இருப்பதற்கு இந்த நெருக்கடியான இடமே காரணம்.

கட்டி ஒரே நாளில் வருவதில்லை. முதலில் குடலின் உள்சுவரில் ஒரு சின்னத் தசை முளை வரும். ஆங்கிலத்தில் இதைப் பாலிப் என்பார்கள். எல்லாப் பாலிப்பும் புற்றுநோயாக மாறாது. மாறுபவையும் பொதுவாக ஏறக்குறைய 10 ஆண்டுகள் எடுத்துக்கொள்கின்றன. அந்தக் காலத்துக்குள் பாலிப்பைக் கண்டுபிடித்து அகற்றிவிட்டால் அது புற்றுநோயாக மாறவே வழியில்லை. வந்த பிறகு குணப்படுத்துவது ஒரு பக்கம் இருக்க, வருவதற்கு முன்பே தடுக்கக்கூடிய சில புற்றுநோய்களில் இதுவும் ஒன்று.

நம் நாட்டின் நிலை

2012 முதல் 2016 வரையிலான நம் நாட்டுத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்தான் ஆண்களிடையே முதலிடத்தில் இருந்தது. பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம். சீனர்களிடையே விகிதம் அதிகம் என்பது உண்மை. அதைக் கேட்டுவிட்டு இது சீனர்களின் நோய் என்று நாம் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. மலாய்க்காரர்களும் இந்தியர்களும் இந்த நோய்க்கு விதிவிலக்கு அல்ல.

கவலை தரும் விஷயம் வேறு. அந்தப் பதிவேட்டின்படி பத்தில் ஏழு பேர் போல மூன்றாம் அல்லது நான்காம் நிலையில்தான் கண்டுபிடிக்கப்பட்டார்கள். சுகாதார அமைச்சு 2018-ல் வெளியிட்ட உயிர்வாழ்வு ஆய்வு, முதல் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் நான்கில் மூவர் ஐந்து ஆண்டுகளைக் கடந்தார்கள் என்று காட்டியது. நான்காம் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஆறில் ஒருவர்தான் கடந்தார். ஒரே நோய், ஒரே நாடு, ஒரே மருத்துவமனைகள். வித்தியாசம், வந்து சேர்ந்த நாள்தான்.

அறிகுறிகள் என்ன?

முதலாவது, ரத்தம். மலத்தோடு கலந்தோ, மலத்தின் மேலே படிந்தோ, சளி போன்ற வழுவழுப்போடு சேர்ந்தோ வரலாம். சிவப்பாக வந்தால் மூலம், கறுப்பாக வந்தால்தான் ஆபத்து என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. மலக்குடல் ஆசனவாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே வரும் கட்டியின் ரத்தமும் பளிச்சென்ற சிவப்பாகத்தான் வரும். நிறத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

இரண்டாவது, மலம் கழிக்கும் பழக்கம் மாறுவது. தினமும் ஒருமுறை போனவர் நான்கு ஐந்து முறை போவார். சில நாள் வயிற்றுப்போக்கு, சில நாள் மலச்சிக்கல். மலம் மெலிந்து வரலாம். இப்படிச் சில வாரங்கள் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, போய்விட்டு வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு. மறுபடி உட்கார்ந்தால் சளியும் ரத்தமும் மட்டும் வரும். இது மலக்குடல் கட்டிக்கே உரிய முக்கியமான அடையாளம். நம்மவர்கள் இதை வயிற்றுக் கடுப்பு, சீதபேதி என்று சொல்லி மருந்து வாங்கிச் சாப்பிடுவார்கள்.

நான்காவது, காரணம் தெரியாத ரத்தசோகை. மேல்மூச்சு வாங்குகிறது, களைப்பாக இருக்கிறது, எடை குறைகிறது. வயதான ஆணுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைந்திருந்தால், இரும்பு மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது. ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும்.

வலி இல்லையே என்று ஆறுதல் அடையாதீர்கள். ஆரம்பத்தில் மலக்குடல் கட்டி வலிக்காது. வலி வரும்போது அது பெரும்பாலும் ஆழமாகப் போயிருக்கும். இன்னொன்று, ஒருவருக்கு மூலமும் இருக்கலாம், அதற்கு மேலே கட்டியும் இருக்கலாம். பத்து வருடமாக எனக்கு மூலம் இருக்கிறது என்பது கட்டி இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

வயதானவர்களுக்குத்தானே என்ற எண்ணமும் வேண்டாம். பெரும்பாலோர் 50 வயதைத் தாண்டியவர்கள் என்பது சரி. ஆனால் உலகின் பல நாடுகளில் 50-க்குக் கீழ் உள்ளவர்களிடம் இந்த நோய் கூடி வருகிறது. 'பிளாக் பாந்தர்' படத்தின் கதாநாயகன் சாட்விக் போஸ்மன் 2020-ல் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 43. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் இளைஞர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். லீவு எடுத்தால் சம்பளம் போகும் என்பது எனக்குப் புரிகிறது. ஒருநாள் சம்பளத்தைப் பார்த்தால் பிறகு வாழ்நாள் சம்பளமே போய்விடும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறோம்?

முதல் சோதனைக்கு இயந்திரம் தேவையில்லை. மருத்துவர் கையுறை அணிந்து, வழுவழுப்பான களிம்பு தடவி, ஆசனவாய் வழியாக ஒரு விரலால் சோதிப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டிகளில் பெரும்பாலானவை விரலுக்கே தட்டுப்படும். நம் மக்கள் மிகவும் தயங்குவது இந்த ஒரு நிமிடத்துக்குத்தான். பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்கலாம், தாதி ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். அதில் தவறில்லை. ரத்தம் வருகிறது என்று சொல்லியும் சோதிக்காமல் மருந்து எழுதிக் கொடுத்தால், "டாக்டர், ஒருமுறை பார்த்துவிடுங்களேன்" என்று நீங்களே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அடுத்தது கொலோனோஸ்கோப்பி. விரல் அளவு தடிமன் உள்ள, வளையக்கூடிய குழாய். அதன் நுனியில் கேமரா. முதல் நாள் பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். உண்மையைச் சொன்னால், இதில் சிரமமான பகுதி அந்த மருந்தைக் குடிப்பதுதான். சோதனையின்போது மயக்கம் தரும் ஊசி போடுவார்கள். முடிந்து அன்றே வீட்டுக்குப் போகலாம். வண்டி ஓட்டக் கூடாது என்பதால் கூட ஒருவரை அழைத்து வர வேண்டும். பாலிப் இருந்தால் அதே குழாய் வழியாக அப்போதே அகற்றலாம். சந்தேகமான கட்டி இருந்தால் சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவோம்.

துண்டு எடுத்தால் நோய் பரவிவிடும், கத்தி பட்டால் கிளம்பிவிடும் என்று சொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். முற்றிய நிலையில் வந்தவரை அறுவை செய்து திறந்து பார்க்கும்போது நோய் ஏற்கெனவே பரவி இருக்கும். சில மாதத்தில் அவர் இறந்தால், கத்தி பட்டதால்தான் இறந்தார் என்று ஊரில் பேச்சாகிவிடும். பரவியது கத்தியால் அல்ல, காலதாமதத்தால்.

புற்றுநோய் என்று உறுதியானால், எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்போம். கட்டி எவ்வளவு ஆழம், தசை வளையத்துக்கும் அதற்கும் எவ்வளவு தூரம், பக்கத்து நிணநீர்க் கட்டிகளில் பரவியிருக்கிறதா என்று அதில் தெரியும். நெஞ்சு, வயிறு ஆகியவற்றுக்குச் சிடி ஸ்கேன். கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் போயிருக்கிறதா என்று பார்க்க அது தேவை. இவை முடியாமல் அவசரப்பட்டுக் கத்தியை எடுக்கக் கூடாது. ஏனென்றால் எந்தச் சிகிச்சையை முதலில் தருவது என்பதை இந்தப் படங்கள்தாம் சொல்கின்றன.

சிகிச்சை வளர்ந்த கதை

நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இந்த நோய் வந்தால் நம்பிக்கை மிகக் குறைவு. லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற அறுவை மருத்துவர், தாம் பழைய முறையில் அறுவை செய்த 57 பேரைக் கணக்கெடுத்தார். 54 பேருக்கு நோய் திரும்பி வந்திருந்தது. அதனால் அவர் 1908-ல் ஒரு புதிய முறையை வெளியிட்டார். வயிற்றின் வழியாகவும் கீழிருந்தும் மலக்குடலையும் ஆசனவாயையும் முழுவதுமாக எடுத்துவிட்டு, வயிற்றில் நிரந்தரமாக ஒரு வாய் வைத்துப் பை பொருத்துவது. பலர் பிழைத்தார்கள். ஆனால் பை வாழ்நாள் முழுவதும்.

அடுத்த பெரிய மாற்றத்தை இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரில் பில் ஹீல்ட் என்ற மருத்துவர் கொண்டுவந்தார். மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. புற்றுநோய் முதலில் பரவுவது அந்த உறைக்குள்தான். அதைக் கிழிக்காமல், பொட்டலம் பிரியாமல் எடுப்பதுபோல முழுசாக எடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறையும் என்று 1982-ல் அவர் எழுதினார். இன்று உலகம் முழுவதும் மலக்குடல் அறுவை செய்பவர்கள் பின்பற்றும் முறை அதுதான். வயிற்றைப் பெரிதாகத் திறந்தும் செய்யலாம், சிறு துளைகள் வழியாகவும் செய்யலாம்.

மூன்றாவது மாற்றம், சிகிச்சையின் வரிசை. முன்பு முதலில் அறுவை, பிறகு கதிரியக்கம். ஜெர்மனியில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2004-ல் வந்தது. கதிரியக்கத்தையும் கீமோ மருந்தையும் அறுவைக்கு முன்பே கொடுத்தவர்களில் 100-க்கு 6 பேருக்குத்தான் அதே இடத்தில் நோய் திரும்பியது. அறுவைக்குப் பின் கொடுத்தவர்களில் 13 பேருக்குத் திரும்பியது. ஆகவே, ஆழமாகப் போன கட்டிக்கு இன்று பொதுவாக முதலில் கதிரியக்கம், கீமோ, அதன் பிறகு அறுவை. "கட்டி இருக்கிறது என்கிறார்கள், ஆனால் அறுவை செய்யாமல் காலம் கடத்துகிறார்களே" என்று குடும்பத்தார் கோபப்படுவது உண்டு. அது காலம் கடத்துவது அல்ல. கட்டியைச் சுருக்கி, சுத்தமாக எடுக்க வழி செய்கிறார்கள்.

கதிரியக்கத்தில் இரண்டு முறை உண்டு. ஒன்று, ஐந்து ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், சிறு சிறு அளவாக. மற்றொன்று, ஐந்தே நாளில் பெரிய அளவாக. கட்டியைப் பொறுத்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் ஜோகூர் மக்களுக்கு இது முக்கியமான விஷயம். நம் மாநிலத்தில் அரசாங்கக் கதிரியக்கச் சிகிச்சை ஜோகூர் பாருவில் உள்ள சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் இருக்கிறது. சிகாமட்டிலிருந்து அது 150 கிலோமீட்டருக்கு மேல். மெர்சிங்கிலிருந்தும் மூவாரிலிருந்தும் தூரம்தான். தினமும் போய் வருவது நடக்காத காரியம் என்று பாதியில் விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. விடாதீர்கள். குறுகிய முறை எனக்குப் பொருந்துமா, தங்க இடம் கிடைக்குமா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். மருத்துவமனையில் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவு இருக்கிறது. தூரம், பணம், தங்குமிடம் ஆகிய பிரச்சினைகளைப் பேச வேண்டிய இடம் அதுதான்.

சிலருக்குக் கதிரியக்கமும் கீமோவும் முடிந்த பிறகு கட்டியே தெரியாமல் போய்விடும். பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் ஆஞ்சலிட்டா ஹப்ர்-காமா என்ற பெண் மருத்துவர், அப்படிப்பட்டவர்களை உடனே அறுவை செய்யாமல் நெருக்கமாகக் கண்காணித்துவந்த அனுபவத்தை 2004-ல் வெளியிட்டார். முதலில் பலர் நம்பவில்லை. இன்று தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு அந்த வழியும் இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கோப்பும் ஸ்கேனும் தவறாமல் செய்ய வேண்டும். கட்டி போய்விட்டது என்று காணாமல் போய்விடுபவருக்கு இந்த வழி ஆகாது.

2022-ல் நியூயார்க்கிலிருந்து ஒரு செய்தி வந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். டோஸ்டார்லிமாப் என்ற மருந்தினால் மலக்குடல் கட்டி முழுவதும் மறைந்தது என்ற செய்தி. 2025-ல் வந்த முடிவிலும், சிகிச்சையை முடித்த 49 மலக்குடல் நோயாளிகளுக்கும் கட்டி மறைந்திருந்தது. இது உண்மை. ஆனால் ஒரு குறிப்பிட்ட மரபணுக் குறைபாடு உள்ள கட்டிக்கு மட்டும்தான் அது பொருந்தும். மலக்குடல் கட்டிகளில் 100-க்கு 5 முதல் 10 வரைதான் அந்த வகை. ஆகவே வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி மற்ற சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். எடுத்த சதைத் துண்டில் அந்தக் குறைபாடு இருக்கிறதா என்று சோதித்தீர்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது நியாயமான கேள்வி.

பை பற்றிய பயம்

இப்போது, எல்லாரும் மனசுக்குள் வைத்திருக்கும் கேள்விக்கு வருகிறேன். "டாக்டர், வயிற்றில் பை வைப்பீர்களா?" நோய்க்குப் பயப்படுவதைவிட நம்மவர்கள் பைக்கு அதிகம் பயப்படுகிறார்கள். பை வைத்துக்கொண்டு வாழ்வதைவிடச் செத்துப்போகலாம் என்று சொல்லி எழுந்து போய்விடுபவர்களும் உண்டு.

முதலில், எல்லாருக்கும் பை வேண்டியதில்லை. கட்டி மலக்குடலின் மேல்பகுதியில் இருந்தால் பெரும்பாலும் பை இல்லாமலே குடலை இணைத்துவிடலாம். நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் இணைக்கும்போது, தையல் ஆறும்வரை சில மாதங்களுக்குத் தற்காலிகப் பை வைப்பது உண்டு. பிறகு இன்னொரு சிறு அறுவையில் அதை எடுத்துவிடலாம். கட்டி தசை வளையத்தையே பிடித்துவிட்டால்தான் நிரந்தரப் பை. சீக்கிரம் வந்தவருக்கு அந்த நிலைமை குறைவு. பைக்குப் பயந்து தாமதிப்பவர்தான் அந்தப் பையை நோக்கி நடக்கிறார்.

நிரந்தரப் பை வந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. வாடை வராத, ஒட்டிக்கொள்ளும் பைகள் இன்று இருக்கின்றன. உடைக்குள் வெளியே தெரியாது. குளிக்கலாம், வேலைக்குப் போகலாம், பிரயாணம் செய்யலாம். கோயிலுக்குப் போகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் போகலாம். பை மாற்றுவது எப்படி என்று பயிற்சி பெற்ற தாதியர் கற்றுத்தருவார்கள். மனைவியோ மகளோ கூட இருந்து கற்றுக்கொண்டால் நோயாளிக்குப் பாதி பாரம் குறையும்.

சிரமங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குடலை இணைத்தவர்களுக்கு முதல் ஓராண்டு அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டியிருக்கும், அடக்க முடியாமலும் போகலாம். காலப்போக்கில் பலருக்குக் குறையும். மலக்குடலைச் சுற்றியுள்ள நரம்புகள் பாதிக்கப்பட்டால் சிறுநீர் கழிப்பதிலும் தாம்பத்தியத்திலும் பிரச்சினை வரலாம். கதிரியக்கம் கருத்தரிப்பைப் பாதிக்கும் என்பதால், பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்கள் சிகிச்சை தொடங்கும் முன்பே இதைக் கேட்க வேண்டும். வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டால் பிறகு வருந்த நேரிடும்.

நாட்டு மருந்து, செலவு

நாட்டு மருந்து சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். நான் எதையும் பழிக்க வரவில்லை. ஆனால் எந்தக் கீரையும் கஷாயமும் மலக்குடல் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக நிரூபிக்கப்படவில்லை. முதல் நிலையில் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, ஆறு மாதம் மூலிகை பார்த்துவிட்டு மூன்றாம் நிலையில் திரும்பி வந்தால் இழப்பு உங்களுக்குத்தான். கீமோ நடக்கும்போது வேறு எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சில மூலிகைகள் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கூடுதல் சுமை.

செலவுக்குப் பயந்து வராமல் இருக்காதீர்கள். குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனையில் கட்டணம் மிகக் குறைவு. குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனையோடு, புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு ஊக்கத்தொகையும் போக்குவரத்து உதவியும் உண்டு. தகுதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். மக்னா போன்ற அமைப்புகளும் ஏழை நோயாளிகளுக்கு உதவுகின்றன. பெர்க்கேசோவில் சந்தா கட்டி வருபவர் நோயினால் வேலை செய்ய முடியாமல் போனால், இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

அறிகுறி இல்லாதவர்கள் என்ன செய்வது?

50 முதல் 75 வயது வரை உள்ளவர்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் மலச் சோதனை செய்கிறார்கள். சிறு டப்பாவில் கொஞ்சம் மலம் எடுத்துக் கொடுத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் அது காட்டிவிடும். ரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்தால் அதுவே புற்றுநோய் என்று அர்த்தமல்ல. கொலோனோஸ்கோப்பி செய்ய வேண்டும் என்று அர்த்தம். முடிவைக் கேட்டுப் பயந்து ஸ்கோப்புக்கு வராமல் இருந்தால், சோதனை செய்ததே வீண்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு. இந்த மலச் சோதனை அறிகுறி இல்லாதவர்களுக்கு. கண்ணாலேயே ரத்தம் பார்த்தவருக்கு இது தேவையில்லை. அவர் நேராக மருத்துவரிடம் போய்ச் சோதிக்க வேண்டும்.

தாய், தந்தை, உடன்பிறந்தோரில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் 50 வயதுவரை காத்திருக்கக் கூடாது. 40 வயதிலோ, அவருக்கு நோய் வந்த வயதுக்குப் 10 ஆண்டு முன்னதாகவோ, எது முதலில் வருகிறதோ அப்போதே ஸ்கோப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். உதாரணமாக, அப்பாவுக்கு 45 வயதில் வந்தது என்றால் பிள்ளைகள் 35 வயதிலேயே போக வேண்டும். அதனால்தான், பெற்றோர்களே, உங்களுக்கு என்ன நோய் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். நீங்கள் மறைப்பது அவர்களுக்கான எச்சரிக்கையை.

உணவிலும் கவனம் வேண்டும். சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சி குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அறிவித்தது. மது, புகை, உடல் பருமன், உட்கார்ந்தே இருக்கும் வாழ்க்கை, இவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. காய்கறி, பருப்பு, பழம், தவிடு நீக்காத தானியம், தினமும் நடை, இவை உதவும். ஆனால் நான் சைவம், எனக்கு வராது என்று மட்டும் சொல்லாதீர்கள். சைவ உணவுக்காரர்களுக்கும் வருகிறது.

நேயர்களே, சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்தம் வந்தாலோ, மலம் கழிக்கும் பழக்கம் மாறிச் சில வாரம் தொடர்ந்தாலோ, இந்த வாரமே ஒரு கிளினிக்குக்குப் போங்கள். பார்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மூலம் என்று சொன்னால் நல்லது, மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மருந்து முடிந்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் மறுபடி போங்கள், ஸ்கோப் கேளுங்கள். வீட்டில் ஐம்பதைத் தாண்டிய அப்பா அம்மா இருந்தால், அடுத்த முறை சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போகும்போது, அந்த மலச் சோதனைக் குப்பியையும் கேட்டு வாங்கி வாருங்கள்.